நாட்டு மருந்தும் டாக்டர்களும்: ஓ.பி. அறையில் விடுபடும் ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை ஒரு மருத்துவமனையின் ஓ.பி.க்கு அழைத்துப் போயிருந்தேன். அத்தைக்குப் பல வருடங்களாக ரத்த அழுத்தம். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது திடீரென்று ஏறிக்கொண்டே போனது. கால்கள் துவண்டன. பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்திருந்தது. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?”

“சாப்பிடறேன் சார்.”

“வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அத்தை பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து, ஒரு விரல் பொடியை நாக்கில் வைத்துக்கொண்டார். அதிமதுரப் பொடி. இருமலுக்கென்று யாரோ சொல்ல, தினமும் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி என்று நான்கைந்து மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதிமதுரத்தை அதிக அளவில் நெடுநாள் உண்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அத்தை எடுத்துவந்த, நீரைப் பிரிக்கும் ப்ரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. இரண்டும் கை கோத்துக்கொண்டன.

“ஏன் அத்தை, டாக்டர்கிட்ட சொல்லலை?” என்றேன்.

“சொன்னா திட்டுவாருப்பா. போன தடவை எனக்கு முன்னாடி போன அம்மா கசாயம் குடிச்சேன்னு சொல்லிட்டு வாங்கின வசவு எனக்குத்தான் தெரியும்.”

நவீன மருத்துவர்கள் சித்தா, ஆயுர்வேதம் போன்ற முறைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி பட்டிமன்றத் தலைப்பாகவே நம்மிடம் உலவுகிறது. ஒரு பக்கம் ‘எல்லாம் மூடநம்பிக்கை’, மறு பக்கம் ‘எல்லாம் முன்னோர் அறிவு’. டாக்டரின் பார்வை நோயாளியின் வாயைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பது அந்த மேடையில் பேசப்படுவதே இல்லை. உயிர் போவதும் பிழைப்பதும் பல நேரம் அதில்தான் இருக்கிறது.

சொல்லாமல் சாப்பிடும் கோடிக்கணக்கானோர்

இது என் அத்தையின் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பர்க் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு மாற்று மருத்துவ முறையை நாடியிருந்ததைக் காட்டியது. அவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. மருத்துவ உலகை உலுக்கியது இந்த இரண்டாவது எண்தான். நம் நாட்டில் 2022–23இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, முந்தைய ஓராண்டில் கிராமங்களில் சுமார் 46 சதவீதம் பேரும் நகரங்களில் சுமார் 53 சதவீதம் பேரும் நோய்த் தடுப்புக்கோ சிகிச்சைக்கோ சித்தா, ஆயுர்வேதம் உள்ளிட்ட ஆயுஷ் முறைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே, ஓ.பி.யில் வரிசையில் நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வீட்டு அலமாரியில் ஒரு சூரணமோ லேகியமோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே எந்த டாக்டரும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

சேர்ந்திருந்த காலம்

இந்த இரு முறைகளும் என்றென்றும் எதிரெதிரே நின்றவை அல்ல. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியர்களையும் ஆங்கில மருத்துவம் அறிந்தவர்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தார். அங்கே கண் நோயாளிகளுக்கு எழுதிவைத்த சிகிச்சைக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. யாருக்கு என்ன நோய், என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று எழுதிவைக்கும் பழக்கமே இரு முறைகளுக்கும் பாலமாக இருந்தது.

சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவத்தை ஆராயக் குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். இந்திய மருத்துவ முறைகளுக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்று வாதாடி நீண்ட குறிப்பு எழுதியவரும் அவரே. குழுவின் அறிக்கை 1923இல் வந்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது, சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். அங்கே படித்து வெளிவந்த ‘எல்.ஐ.எம். டாக்டர்’களை நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். நாடியும் பிடிப்பார்கள், ஸ்டெதஸ்கோப்பும் வைப்பார்கள்.

இந்தச் சேர்க்கை நிலைக்கவில்லை. 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை நாட்டின் சுகாதார அமைப்பை நவீன மருத்துவத்தின் மீதே கட்டச் சொன்னது. நாட்டு மருத்துவத்தை மாகாணங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இரண்டையும் இணைக்கலாம் என்று 1948இல் சோப்ரா குழு சொன்னபோதும் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. சேர்த்துப் படித்த மாணவர்கள் பலர் நவீன மருத்துவப் பட்டத்தையே விரும்பினார்கள். நாட்டு மருத்துவப் பக்கத்திலோ ‘கலப்படம் இல்லாத சுத்த மருத்துவமே வேண்டும்’ என்ற குரல் வலுத்தது. பின்னாளில் கல்லூரியாகிக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிய அந்த இந்திய மருத்துவப் பள்ளி இருந்த இடத்தில் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி தனியாகத் தொடங்கியது. ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி உட்காரத் தொடங்கினார்கள். இன்றைய டாக்டர்களின் பார்வை பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குப் பிறகு பிறந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களில் பலர் சித்த மருத்துவத்தைப் பற்றி ஒரு முழு வகுப்புகூடக் கேட்காமலே வெளியே வந்தவர்கள். தெரியாததை வெறுப்பதும் எளிது, வியப்பதும் எளிது.

நான்கு விதமான டாக்டர்கள்

நான் பழகிய, பேசிய டாக்டர்களை வைத்துப் பார்த்தால் நான்கு மனநிலைகள் தெரிகின்றன.

முதல் வகையினர் முழுதாக மறுப்பவர்கள். ‘சோதித்து நிரூபித்தால் அது மருத்துவம், இல்லையென்றால் இல்லை’ என்பது இவர்கள் நிலை. இரண்டாம் வகையினர் கண்டும் காணாமல் விடுபவர்கள். ‘சாப்பிட்டுக்கோங்க, ஆனா என் மாத்திரையை நிறுத்தாதீங்க’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். எண்ணிக்கையில் இவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் வகையினர் நோயைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள். முதுகுவலிக்கு யோகா, பக்கவாதத்துக்குப் பிறகு எண்ணெய்த் தடவல், புற்றுநோய் முற்றிய நிலையில் மன ஆறுதல் தரும் எதுவும் சரி. நிமோனியாவுக்கும் மாரடைப்புக்கும் கூடவே கூடாது. நான்காம் வகையினர் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து நோயாளியைப் பார்ப்பவர்கள். மிகச் சிலரே.

வெளிநாட்டிலும் இந்தத் தேர்ந்தெடுப்பு இருக்கிறது. மேலை நாட்டு டாக்டர்களிடம் எடுத்த 19 கணக்கெடுப்புகளை 1998இல் தொகுத்த ஓர் ஆய்வில், அக்குபங்சருக்கு நோயாளிகளை அனுப்பியதாக 43 சதவீதம் பேர் சொன்னார்கள், மசாஜுக்கு 21 சதவீதம் பேர். வலியைக் குறைக்கும், உள்ளே மருந்து எதையும் செலுத்தாத முறைகளை டாக்டர்கள் எளிதாக ஏற்கிறார்கள். வாய் வழியாக உள்ளே போகும் மருந்தென்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

கோபம் எங்கிருந்து வருகிறது

டாக்டர்களின் அறைகளில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மூட்டுவலிக்குப் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடி வாங்கித் தின்று, முகம் உப்பி வருகிறவர்கள் உண்டு. பொடிக்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு ‘இன்சுலினை நிறுத்துங்கள், பொடி போதும்’ என்று யாரோ சொல்ல, மூச்சு வாங்க அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரும் பெற்றோர் உண்டு. எலும்பு முறிவுக்கு இறுக்கிக் கட்டுப் போட்டதால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்துப்போய் வருகிறவர்களை எலும்பு டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கிறார்கள். நாட்டு மருந்தால் குணமானவர் டாக்டரிடம் வருவதில்லை, உடல் கெட்டவர் மட்டுமே வருகிறார். ஆகவே டாக்டரின் கண்ணில் படும் நாட்டு மருத்துவம் பெரும்பாலும் தோற்றுப்போன நாட்டு மருத்துவம். அவர் கோபம் பொய்யல்ல, அவர் பார்க்கும் சன்னல் சிறியது.

ஆனால் சன்னல் வழியே தெரிவது நிஜம். 2004இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வெளியான ஆய்வு, பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தது. 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. ரசமும் பாடாணமும் சித்த மருத்துவத்தின் உயிர்நாடி. முறையாகச் சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்கினால் நஞ்சு நீங்கும் என்பது அந்த மரபின் வாதம். ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்துக் காட்டினால்தான் அந்த வாதம் நிற்கும். ‘முன்னோர் சொன்னார்கள்’ என்பது நோயாளியின் சிறுநீரகத்துக்குக் காவல் ஆகாது.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பதும் இதே போலத்தான். ஆடுதின்னாப்பாளை நம் வேலியோரத்தில் வளரும் செடி, நாட்டு மருந்தில் வழங்குவது. அதன் இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கு அந்த இனம் கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளிவந்த பிறகுதான் உலகம் விழித்தது. கொரோனா காலத்தில் பலரும் குடித்த சீந்திலுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பு உண்டென்று 2021இல் மும்பை டாக்டர்கள் ஆறு நோயாளிகளின் விவரத்தோடு எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடித்துச் சொல்வதும் அடித்து மறுப்பதுமாகக் கழிந்த அந்த நாட்களில் சீந்தில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் பேச்சைக் கேட்பது?

மூன்று செடிகள் சொல்லும் பாடம்

மறுப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது. மூன்று செடிகளைச் சொல்கிறேன்.

முதலாவது சர்ப்பகந்தா. பித்தத்தாலும் பைத்தியத்தாலும் தவிப்போருக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர். இது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனத்தைத் தணிப்பதையும் கல்கத்தாவில் சென், போஸ் ஆகியோர் 1931இல் எழுதினார்கள். உலகம் கவனிக்கவில்லை. பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் ஐம்பது நோயாளிகளுக்குக் கொடுத்து 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேலை மருத்துவம் திரும்பிப் பார்த்தது. 1952இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. வைத்தியர் கையிலிருந்து டாக்டர் கைக்கு ஒரு வேர் போவதற்கு நடுவே இருந்தது அந்த ஐம்பது நோயாளிகளின் பதிவு.

இரண்டாவது செங்காந்தள். கண்வலிக் கிழங்கென்று நம் கிராமங்களில் நஞ்சாகவே அறியப்பட்டது. இன்று ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் பந்தலிட்டு வளர்க்கிறார்கள், விதை ஏற்றுமதியாகிறது. அதிலுள்ள கோல்சிசின் கௌட் என்னும் மூட்டுவலிக்கு உலகம் முழுதும் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரை. அளவு தவறினால் உயிரை எடுக்கும், அளவறிந்தால் வலியை எடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு நெருக்கமானது: கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுக்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் முதலியோருடன் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கீழாநெல்லித் தூளை முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்றுத் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. ஊர் மகிழ்ந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது, எப்படிப் பொடித்தது என்ற கேள்விகள் எழுந்தன. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளிலும் உறுதியான பலன் தெரியவில்லை.

இதில் டாக்டர்களும் வைத்தியர்களும் சேர்ந்து கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதுவே குணமாக்கியது போலத் தெரியும். ஆனால் பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைப்பதால் வரும் காமாலையும் கண்ணில் அதே மஞ்சள்தான். அப்படி அடைப்பு உள்ளவருக்குக் கீழாநெல்லி கொடுத்துக் காத்திருந்தால் ஒவ்வொரு வாரமும் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே ‘கீழாநெல்லி நல்லதா கெட்டதா’ என்று கேட்பதற்கு முன் ‘இது எந்தக் காமாலை’ என்று கேட்க வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். நல்ல சித்த மருத்துவர் அதை முதலில் செய்யச் சொல்வார்.

கோவையில் ஒரு முயற்சி

‘ஆளுக்கு ஆள் மருந்து மாறும் முறையை உங்கள் சோதனைக்குள் அடக்க முடியாது’ என்பது பாரம்பரிய மருத்துவர்களின் வழக்கமான பதில். அது முடியும் என்று கோவையில் ஓர் ஆய்வு காட்டியது. முடக்கு வாதம் உள்ள 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், மூன்றாவதுக்கு இரண்டும். ஆயுர்வேத மருத்துவர் தம் முறைப்படி ஒவ்வொருவருக்கும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2011இல் வெளியான முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். 43 பேரை வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது, இது முன்னோட்டம் மட்டுமே. ஆனால் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே அளவுகோலுக்குச் சம்மதித்தால் வேலை நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

காய்ச்சல் காலத்துச் சோதனை

2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைக் கையில் எடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. தெருமுனைகளில் அண்டா வைத்து ஊற்றினார்கள். கொரோனாவின்போது அந்த இடத்தைப் பதினைந்து சரக்குள்ள கபசுரக் குடிநீர் பிடித்தது. டெங்குச் சாவைக் குறைக்கும் என்று பெரிய சோதனை எதுவும் உறுதி செய்யும் முன்பே நிலவேம்பு வீடு வீடாகப் போயிற்று. டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் கவலை கசாயத்தின் மேலல்ல. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் சரியும். ‘கசாயம் குடிச்சோம், காய்ச்சல் விட்டுடுச்சு’ என்று வீட்டில் படுத்திருப்பவரை அந்த ஒரு நாள் கொண்டுபோய்விடும். குடிநீரோடு ‘காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்’ என்ற ஒரு வரியையும் அண்டாவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இரு தரப்பின் நியாயமும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

சட்டமும் தன்மானமும்

ஒரு முறையில் பட்டம் பெற்றவர் இன்னொரு முறையின் மருந்தை எழுதலாமா என்பது நெடுநாள் வழக்கு. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில், படிக்காத முறையில் சிகிச்சை செய்வதே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 நவம்பரில் ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 வகை அறுவைகளில் பயிற்சி பெறலாம் என்ற அறிவிக்கை வந்ததும் இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11இல் நாடெங்கும் போராட்டம் நடத்தியது.

சித்த மருத்துவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு வலி தெரியும். அவரும் ஐந்தரை ஆண்டு படித்தவர், உடற்கூறும் உடலியலும் படித்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் அறை பல இடங்களில் வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. அவர் அனுப்பும் நோயாளியை டாக்டர் திரும்ப அனுப்புவதில்லை, ஒரு வரிக் கடிதமும் எழுதுவதில்லை. பட்டம் பெற்ற அவரையும், பரம்பரை வைத்தியரையும், யூடியூபில் புற்றுநோய்க்குப் பொடி விற்பவரையும் ஒரே சொல்லால் ‘நாட்டு வைத்தியன்’ என்று சிலர் குறிப்பிடுவது அநீதி. போலிகளால் டாக்டருக்கு வேலைச்சுமை. சித்த மருத்துவருக்கோ பெயரே போகிறது. போலிகளை ஒழிப்பதில் இருவரும் ஒரே அணியில் நிற்க வேண்டியவர்கள்.

என்ன செய்யலாம்

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை என்று நான் நம்புகிறேன். எம்.பி.பி.எஸ். மாணவருக்கு நம் ஊரில் அன்றாடம் உண்ணும் முப்பது, நாற்பது மூலிகைகளும் அவை எந்த மாத்திரையோடு மோதும் என்பதும் தெரிய வேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஆனதும் ஒரு வாரம் சித்த ஓ.பி.யில் உட்காரட்டும். சித்த மருத்துவரும் தம் மருந்தின் சேர்மானத்தை மறைக்காமல் சீட்டில் எழுதித் தரட்டும், பக்க விளைவு கண்டால் மறைக்காமல் பதிவு செய்யட்டும். இரண்டு தரப்பு மருந்துக்கும் ஒரே தராசு: வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. ‘வேற ஏதாவது?’ என்று அவசரமாகக் கேட்டால் ‘ஒண்ணும் இல்ல’ என்றே பதில் வரும். ‘வீட்ல கசாயம், பொடி, லேகியம் ஏதாவது சாப்பிடுவீங்களாம்மா? இருந்தா சொல்லுங்க, உங்க மாத்திரையோட ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்’ என்று கேட்கப் பத்து விநாடி ஆகும். மருந்துகளின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, அவற்றைச் சாப்பிடுவது குற்றமல்ல என்று நோயாளிக்குப் புரிந்துவிடுகிறது.

அன்று நானும் அத்தையும் பேருந்தை விட்டுவிட்டு ஓ.பி.க்கே திரும்பினோம். டாக்டர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். திட்டவில்லை. எவ்வளவு நாள், எத்தனை தேக்கரண்டி என்று கேட்டு, சீட்டின் மேல் பகுதியில் ‘அதிமதுரம்’ என்று தமிழிலேயே எழுதினார். நிறுத்தச் சொன்னார், இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சில வாரங்களில் பொட்டாசியம் சரியானது. இப்போதெல்லாம் அத்தை மாத்திரை அட்டைகளோடு எவர்சில்வர் டப்பாக்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். முறை வந்ததும், டாக்டர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கிறார்.